வண்டிவீடு

நுழையும்முன்

மரத்தால் ஒரு சிறு வீட்டைச் செய்து, அதைச் சக்கரங்களின்மேல் ஏற்றி, மகிழுந்தின் பின்னால் இழுத்துச் செல்லும் வழக்கம் அமெரிக்காவில் பரவலாக உள்ளது. அத்தகைய வண்டி ஒன்றைத் தம் கையால் கட்டிய தமிழர் ஒருவரின் தன்னனுபவக் கட்டுரை இது. தூத்துக்குடித் தோணித்துறையின் தச்சறிவும் ஒரேகான் மாநிலத்துத் தச்சறிவும் இதில் ஒன்றையொன்று சந்திக்கின்றன.

ஒரேகான் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில் மழை கொட்டுவதில்லை, தங்குகிறது. அக்டோபர் இறுதியில் வந்து சேரும் தூறல், விடுமுறைக்கு வந்த உறவினரைப்போல, மே மாதம்வரை புறப்படும் எண்ணமே இல்லாமல் இருக்கும். ஆண்டு முழுமைக்கும் கணக்கிட்டால் சென்னையில் பெய்வதைவிட இங்குப் பெய்யும் மழை குறைவுதான். ஆனால், சென்னையில் சில வாரங்களில் கொட்டித் தீர்ப்பதை இங்கு ஏறத்தாழ 150 நாள்களுக்குப் பங்கிட்டுத் தருகிறது வானம். கொட்டும் மழை கூரையைச் சோதிக்கும். தங்கும் மழை மரத்தையே சோதிக்கும். நனைந்த பலகை உலர்வதற்குள் மறுபடியும் நனைந்துவிடும். வேலியின்மேல் பாசி, கூரையின்மேல் பாசி, சில வாரம் அசையாமல் நிற்கும் மகிழுந்தின் கண்ணாடி விளிம்பிலும் பாசி.

இத்தகைய ஊரில்தான் மரத்தால் ஒரு வண்டிவீடு கட்ட முனைந்தேன்.

மகிழுந்தின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் வண்டியை இந்நாட்டில் டிரெய்லர் என்கிறார்கள். தங்குவதற்காகச் செய்யப்படும் டிரெய்லர்களுள் மிகச் சிறியது ‘கண்ணீர்த்துளி’ எனப்படும் வகை. பக்கவாட்டில் பார்த்தால் முன்புறம் உருண்டு, பின்புறம் சரிந்து, கன்னத்தில் வழியும் துளியைப் போலவே இருக்கும். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது; உட்காரலாம், படுக்கலாம். பின்புறக் கதவை மேலே தூக்கினால் அங்கே ஓர் அடுப்படி. 1930களில் தோன்றிய இவ்வடிவம், இரண்டாம் உலகப்போருக்குப் பின் நாடெங்கும் பரவியது. இதழ்கள் வரைபடம் வெளியிட்டன. மக்கள் தம் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிக்கொண்டார்கள். பல வண்டிகளின் நீளம் 8 அடி, அகலம் 4 அடி. இவ்வளவு என்று வகுத்தவர் சிற்பநூல் வல்லார் எவரும் இல்லர். கடையில் விற்கும் ஒட்டுப்பலகையின் அளவு அதுதான்.

நான் கணிப்பொறித் துறையில் பணிபுரிபவன். பொழுதுபோக்கிற்காக உளியைக் கையில் எடுக்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து ஆறு மாதம் எங்களுடன் தங்குவதற்காக என் அம்மா ஏப்ரலில் வந்திருந்தார். அவருக்கு வயது எழுபத்தொன்று. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர். “கடலு எங்கய்யா இருக்கு?” என்பதுதான் வந்த மறுநாள் அவர் கேட்ட முதற்கேள்வி. கடல் இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்தது. ஒரே நாளில் போய்த் திரும்பினால் அவருடைய மூட்டுவலி தாங்காது. கூடாரத்தில் தரையோடு தரையாகப் படுத்து எழவும் அவரால் இயலாது. முந்தைய முறை வந்திருந்தபோது, காட்டோரம் ஒரு மரக்குடிலை வாடகைக்கு எடுத்துத் தங்கினோம். அதன் சுவருக்குள் பூஞ்சை படர்ந்திருந்ததை யார் அறிவார்? நள்ளிரவில் அம்மாவுக்கு இளைப்பு ஏறியது. இன்ஹேலர் பயன்படவில்லை. மலைப்பாதையில் நாற்பது நிமிடம் வண்டியோட்டி மருத்துவமனையை அடைந்த அந்தப் பயணத்தின் ஒவ்வொரு திருப்பமும் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. “ஈரம் ஊறிய அறையில் இவரை ஓர் இரவுகூடப் படுக்க வைக்காதீர்கள்” என்றார் மருத்துவர்.

ஆகவே, நான் கட்ட வேண்டியிருந்தது வெறும் வண்டி அன்று. உலர்ந்த காற்றைத் தாங்கிய ஒரு பெட்டி. அதுவும் ஆகஸ்டு மாதத்திற்குள்.

சக்கரத்தின்மேல் வந்தவர்கள்

இந்த மண்ணில் மரவண்டியோடு மழையை எதிர்கொண்ட முதல் ஆள் நான் இல்லை. 1840களில் தொடங்கி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாட்டுவண்டிகளில் ஏறி, ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் கடந்து ஒரேகான் வந்தன. (அவர்கள் வந்தமர்ந்த நிலம் வேறு மக்களுடையது என்பதையும் மறந்துவிட முடியாது.) நான்கு முதல் ஆறு மாதம்வரை நீண்ட அந்தப் பயணத்தில் அவர்களுக்கு அந்த வண்டியே வீடு. வளைத்த மரச்சட்டங்களின்மேல் பருத்திக் கித்தானை விரித்து, அதில் ஆளிவிதை எண்ணெயைத் தேய்த்தார்கள், மழை வழிந்தோடியது. பாலமில்லாத ஆறுகள் குறுக்கிட்டபோது வண்டிப்பெட்டியின் இடுக்குகளில் தாரைப் பூசி, வண்டியையே படகாக மிதக்கவிட்டார்கள்.

என்னை மிகவும் வியப்பில் ஆழ்த்தியது வேறொரு செய்தி. வறண்ட சமவெளியில் நாள்கணக்கில் போகும்போது சக்கரத்தின் மரம் ஈரம் இழந்து சுருங்கிவிடும். இரும்புப்பட்டை தளர்ந்து கழன்றுகொள்ளும். அப்போது சக்கரத்தைக் கழற்றி இரவு முழுவதும் ஆற்றில் ஊறப் போடுவார்களாம். மரம் நீரைக் குடித்துப் பருத்துப் பட்டையை இறுகப் பற்றிக்கொள்ளும். ஒரே வண்டியில் பெட்டிக்கு நீர் பகை. சக்கரத்திற்கு அதுவே மருந்து.

இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் வியக்கவே இல்லை.

“தோணிக்கும் அப்பிடித்தானய்யா. தண்ணிதான் அதுக்குப் பூட்டு. கரையில கெடந்தா பலகை சுருங்கி விரிசல் விட்டுரும். கடல்ல எறக்குனா ரெண்டு நாள்ல ஊதி மூடிக்கிடும்” என்றார்.

அம்மாவின் தந்தை ஓடாவி. தோணி கட்டும் தச்சர். தூத்துக்குடியிலிருந்து பாய்விரித்துக் கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்ற மரத்தோணிகளின் காலத்தில் உழைத்தவர். நான் பிறப்பதற்கு முன்பே மறைந்துவிட்டார். அவருடைய கைத்திறன் எனக்கு வரவில்லை. அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் அமர்ந்து பார்த்த பெண்ணின் கண் மட்டும் அம்மாவிடம் அப்படியே இருந்தது.

பலகையின் பிறப்பிடம்

சுவருக்கும் கூரைக்கும் நான் தேர்ந்தது ஒட்டுப்பலகை. கடைத்தெருவில் நாம் பிளைவுட் என்று கேட்டு வாங்குவது. மரம், நாரின் நீளவாக்கில் ஏறக்குறைய விரிவதே இல்லை. குறுக்குவாக்கில்தான் ஈரத்துக்கேற்ப விரியும், சுருங்கும். மெல்லிய மரத்தோல்களை ஒன்றன்மேல் ஒன்றாக, நாரின் போக்கு மாறிமாறி வருமாறு ஒட்டினால் ஒவ்வோர் அடுக்கும் அடுத்த அடுக்கின் அசைவைப் பிடித்து நிறுத்திவிடும். அதனால்தான் அகன்ற ஒட்டுப்பலகை வளையாமல் நிற்கிறது.

ஊசியிலை மரங்களிலிருந்து செய்த ஒட்டுப்பலகையை அமெரிக்க மக்கள் முதன்முதலாகக் கண்டது நான் வாழும் இதே போர்ட்லாந்தில்தான். 1905ஆம் ஆண்டு இங்கு நடந்த லூயிஸ்-கிளார்க் பொருட்காட்சிக்காக உள்ளூர் ஆலையொன்று அதைச் செய்து காட்டியது. தூரிகையால் பசை தடவி, வீடு தூக்கும் பாரந்தூக்கிகளால் அழுத்திச் செய்தார்களாம். விலங்குப் பொருளிலிருந்து காய்ச்சிய அந்தப் பசை ஈரத்தைத் தாங்காது. ஆகவே நெடுங்காலம் ஒட்டுப்பலகை, கதவின் நடுப்பலகையாகவும் மேசையாகவும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தது. 1934இல் வாஷிங்டன் மாநிலத்து அபர்டீன் ஊரில் ஜேம்ஸ் நெவின் என்னும் வேதியியலாளர் நீரில் கரையாத பசையை உருவாக்கினார். அதன்பிறகுதான் பலகை துணிந்து மழைக்குள் இறங்கியது.

பசை நீரைத் தாங்கும் என்பதால் மரமும் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பலகையின் முகத்தைவிட அதன் வெட்டுமுகம் பலமடங்கு வேகமாக நீரைக் குடிக்கும். வைக்கோல் கட்டைப் பக்கவாட்டில் பார்ப்பதற்கும் அதன் நுனியில் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடுதான். நாரெல்லாம் திறந்த வாயோடு நிற்கும் இடம் அது. ஆகவே, சுவருக்குப் பலகையை அறுத்த உடனே, வேறெந்த வேலைக்கும் முன்பாக, வெட்டுமுகங்களுக்கு எபாக்சி என்னும் இருகூட்டுப் பிசினைத் தடவினேன். முதற்பூச்சு கண் இமைக்கும் முன் மறைந்தது. இரண்டாவது சற்றுத் தயங்கியது. மூன்றாவதுதான் மேலே நின்று மினுங்கியது.

எபாக்சி கலக்கும் நாளில் அம்மாவைக் கொட்டகைப் பக்கமே விடமாட்டேன். அந்த ஆவியும், இறுகியபின் தேய்க்கும்போது எழும் தூளும் நல்ல நுரையீரலுக்கே ஆகாதவை. நான் முகமூடியோடு வேலைசெய்ய, அவர் சமையலறைச் சன்னல் வழியாகவே மேற்பார்வையிடுவார். ஏப்ரல் குளிரில் பிசின் இறுக மறுக்கும். கொட்டகையைச் சூடேற்றி வைத்து, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துக் கலக்க வேண்டியிருந்தது.

கூரைக்கு வளையக்கூடிய மெல்லிய பலகையை இரண்டு அடுக்காக வளைத்து ஒட்டினேன். அதன்மேல் கண்ணாடியிழைத் துணியை விரித்துப் பிசின் ஊட்டினேன். சாரல் தெறிக்கும் அடித்தளத்திற்குக் கீலெண்ணெய் கலந்த கரும்பூச்சு. எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் முன்கொக்கியின்மேல் விழுமாறு அச்சை அமைக்க வேண்டும். பின்பாரம் கூடினால் வேகத்தில் வண்டி பாம்பைப்போல் நெளியும். இவையெல்லாம் வரைபடத்தைப் பார்த்துச் செய்யக்கூடியவை. நீரின் வழியை அறிவதுதான் வரைபடத்தில் இல்லாத பாடம்.

பூட்டும் வழியும்

பக்கத்து வீட்டு முதியவர், மீன்பிடிப் படகுகள் கட்டும் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர். கூரை வளைந்து நின்றதைக் கண்டு ஒருநாள் வேலியருகே வந்து நின்றார். மறுநாள் தம் கருவிப்பெட்டியோடு உள்ளே வந்தார். அப்பெட்டியில் அகன்ற வாயுடைய மழுங்கிய உளி ஒன்றும், நீண்ட தலையுடைய மரச்சுத்தியல் ஒன்றும், திரித்த பருத்திப் பஞ்சும் இருந்தன. அம்மா அவ்வுளியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“இது கலப்பத்து உளில்லா!” என்றார்.

மரக்கலத்தின் பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து நீர் புகாமல் அடைப்பதுதான் கலப்பத்து. தாத்தாவின் துறையில் பஞ்சை அடித்தபின் குங்கிலியத்தை எண்ணெயோடு காய்ச்சி மேலே பூசுவார்களாம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. முதியவருக்குத் தமிழ் தெரியாது. பழைய பலகை இரண்டைச் சேர்த்துவைத்து, அவர் பஞ்சை மடித்து மடித்து அடித்துக் காட்டினார். பஞ்சு இறுக இறுகச் சுத்தியலின் ஓசை மாறியது. அம்மா கையை உயர்த்தி, “போதும், இனி அடிச்சா பலகை விலகும்” என்றார். நான் மொழிபெயர்ப்பதற்குள் அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

எனினும், கலப்பத்து என் வண்டிக்கு உதவாது என்பதில் இருவரும் உடன்பட்டனர். படகு எப்போதும் நீரில் கிடக்கிறது; பலகை பருத்துப் பஞ்சைக் கவ்விக்கொள்கிறது. சாலையில் ஓடும் பெட்டியோ இன்று நனையும், நாளை காயும். ஒவ்வொரு முறை காயும்போதும் இடுக்கு வாய் திறக்கும். படகு நீரால் பூட்டப்படுவது. இது வறட்சியால் பூட்டப்பட வேண்டியது.

திருகாணி இறங்கும் இடங்களுக்கு முதியவர் ஒரு முறை சொல்லித் தந்தார். வேண்டியதைவிடப் பெரிய துளையிட்டு, அதை எபாக்சியால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவில் சிறு துளையிட்டுத் திருகாணியை முடுக்க வேண்டும். திருகாணியோடு நீர் இறங்கினாலும் அது மரத்தைத் தொடாது. பிசின் குழாய்க்குள்ளேயே நின்றுவிடும். சன்னல் சட்டங்களுக்கு அடியில், என்றும் இறுகாத பியூட்டைல் பட்டையை வைத்து அழுத்தினோம். வண்டி குலுங்கும்போது அதுவும் உடன் நெகிழ்ந்துகொடுக்கும். மேலே உள்ளது கீழே உள்ளதன்மேல் படிய வேண்டும் என்னும் ஓட்டுக்கூரையின் விதியை ஒவ்வோர் இணைப்பிலும் காத்தோம்.

வண்டி முழுமையாக அடைபட்ட நிலையில் அம்மா ஒரு கேள்வி கேட்டார்.

“ஏய்யா, தண்ணி உள்ள வாறத மட்டும் பாக்கியே, வந்த தண்ணி வெளிய போக எங்க வழி வச்சிருக்க?”

“வரவே வராதும்மா.”

“எங்கப்பா கட்டுன எந்தத் தோணியிலயும் தண்ணி எறைக்காம ஒரு பயணம் போனதில்ல.”

வண்டிவீட்டில் மிகுதியாக ஒழுகும் இடம் பின்புறத் தூக்குகதவின் கீல் என்பது எல்லாரும் அறிந்ததே. அதை எப்படி அடைப்பது என்றே நான் சிந்தித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் கேள்விக்குப்பின் வேலையின் திசை மாறியது. கீலுக்கு அடியில், கதவின் விளிம்பையொட்டி இருபுறமும் சரிந்திறங்கும் ஒரு சிறு கால்வாயை அமைத்தோம். கீலைத் தாண்டி வரும் நீர் அதில் விழுந்து, பக்கவாட்டில் வழிந்து, தரையில் சொட்டும். சுவரின் வெளிமுகத்தை முற்றிலும் அடைத்த நான், உள்முகத்திற்கு நாற்றமற்ற மெல்லிய நீர்வார்னிஷ் மட்டும் பூசினேன். எங்கேனும் ஈரம் புகுந்தால் உட்பக்கமாக உலர்ந்து வெளியேறட்டும் என்பதே எண்ணம். இருபுறமும் பிசினால் மூட வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. ஊசிமுனைத் துளை வழியாக நுழைந்த நீர் வெளியேற வழியின்றி ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கிடக்கும் பெட்டியை நான் நம்பமாட்டேன்.

உள்ளிருந்து வந்த மழை

ஜூன் இறுதியில் தோட்டக் குழாயால் ஒரு மணி நேரம் நீரைப் பீய்ச்சினோம். ஈரமானியின் இரு ஊசிகளைப் பலகையில் பதித்துப் பார்த்தேன். எங்கும் 12 விழுக்காட்டைத் தாண்டவில்லை. மரத்தை உளுத்துப்போகச் செய்யும் பூஞ்சைகளுக்கு ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்குமேல் ஈரம் வேண்டும். ஆனால் மூச்சுக்கு ஊறு செய்யும் மேற்பூஞ்சைக்குப் பலகையின் முகத்தில் படியும் ஈரமே போதுமானது. அதைக் குழாயால் சோதிக்க முடியாது. மனிதர்கள் உறங்கித்தான் பார்க்க வேண்டும்.

என் மகளும் மனைவியும் வீட்டு வாசலில் நின்ற வண்டியில் ஓரிரவு படுத்தார்கள். மேகமற்ற இரவு. குளிருக்காகச் சன்னல்களை மூடியிருந்தார்கள். விடியலில் கதவைத் திறந்தபோது கண்ணாடியில் முத்துமுத்தாக நீர். கூரைச் சன்னலின் அலுமினியச் சட்டத்திலிருந்து சொட்டுகள். மெத்தையின் அடிப்புறம் தொட்டால் ஈரம்.

“எங்கோ ஒழுகுகிறது” என்றார் முதியவர்.

அம்மா மெத்தையின் அடியில் கையை விட்டுப் பார்த்தார். “மழையே பெய்யலயே. இது இவுக விட்ட மூச்சு” என்றார்.

அதுதான் உண்மை. இருவர் இரவெல்லாம் மூச்சாகவும் வியர்வையாகவும் விடும் நீர் அரை லிட்டரை எட்டும். நன்கு அடைபட்ட பெட்டியில் அது எங்கே போகும்? உடலின் வெம்மையோடு கிளம்பும் ஆவி, குளிர்ந்த கண்ணாடியிலும் மெத்தைக்குக் கீழுள்ள குளிர்ந்த பலகையிலும் நீராகப் படிகிறது. மழையைத் தடுக்க நான் எவ்வளவுக்கு எவ்வளவு பாடுபட்டேனோ, அவ்வளவுக்கு இந்த மழை உள்ளேயே சிறைப்பட்டது.

கூரையில் காற்றை வெளியேற்றும் சிறு மின்விசிறி ஒன்றைப் பொருத்தினேன். அதற்கு எதிர்மூலையில் தாழ்வாக ஒரு காற்றுவழி, மழை புகாதபடி கீழ்நோக்கிய மூடியோடு. மெத்தைக்குத் தீர்வு அம்மாவிடமிருந்து வந்தது. தோணியில் சரக்கு மூட்டைகளை அடுக்கும்போது அவை அடிப்பலகையைத் தொடாமலிருக்கக் கம்புகளைப் பரப்புவார்களாம். அதேபோல் மெத்தைக்கு அடியில் இரண்டு விரல் உயரத்திற்கு மரச்சட்டங்களை இடைவெளி விட்டுப் பரப்பினோம். அடுத்த இரவு அம்மாவே உள்ளே படுத்தார். நான் வாசற்படியில் அமர்ந்திருந்தேன். விசிறியின் மெல்லிய ஓசையும், அதனூடே அவருடைய சீரான மூச்சும் கேட்டுக்கொண்டிருந்தன. விடியும்வரை இன்ஹேலர் பெட்டியிலேயே இருந்தது.

ஆகஸ்டில் புறப்பட்டோம். கொலம்பியா ஆறு பசிபிக் பெருங்கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் அருகே, ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் பூங்காவில் வண்டியை நிறுத்தினோம். அங்குள்ள கடற்கரையில், 1906இல் தரைதட்டிய ‘பீட்டர் அயர்டேல்’ என்னும் பாய்மரக்கப்பலின் விலாக்கள் இன்றும் மணலில் நிற்கின்றன. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு, துருவேறிய அந்த எலும்புக்கூட்டைச் சுற்றிவந்தார். எந்த மரத்தில் கட்டினார்கள் என்று கேட்டார். எஃகு என்றதும், “அதான் இப்பிடி இத்துப் போச்சு” என்று தன் தந்தையின் கட்சியில் நின்றே பேசினார்.

அன்றிரவு தூறியது. நானும் மனைவியும் வெளியே கூடாரத்தில் படுத்திருந்தோம். நள்ளிரவில் எழுந்து, கைவிளக்கோடு வண்டியின் பின்புறம் சென்று பார்த்தேன். கீலுக்கடியில் அமைத்த கால்வாயிலிருந்து நீர் இருபுறமும் சொட்டிக்கொண்டிருந்தது.

காலையில் கதவு திறந்தது. அம்மா மெத்தையின் நான்கு மூலைகளிலும் அடியில் கைவிட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு உள்ளங்கையை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு, “காப்பி போட்டாச்சா?” என்றார்.